ஏழாவது முறைக்கு எத்தனை கை

ஜூன் 11, 2025, புதன்

ராதாபுரம் சைட்டில் எட்டாம் எண் காற்றாலை காலையிலிருந்து நின்று நின்று ஓடியது. எண்பது மீட்டர் ஏறிப் பார்த்தால் விரல் நுனி அளவு சென்சார் ஒன்று செத்துக் கிடக்கிறது. மாற்றிவிட்டு இறங்குவதற்குள் தொடை கழன்றுவிட்டது. பாளையங்கோட்டை வந்து சேர்ந்தால் வீட்டு வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு.

உள்ளே சத்தமே இல்லை. ஆனால் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டுக் கை. மின்விசிறிக்கு வேலையே இல்லை.

பின்னாளில் நானே படித்துக் குழம்பக் கூடாது, அதனால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அப்பா இஸ்ரவேல், பாரதக் கேளாதோர் பேரவையின் தேசியத் தலைவர். இருபத்து நான்கு ஆண்டுகளாக அவர்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்குக் கேட்கும். பத்து வயதிலிருந்து அப்பாவின் கை சொல்வதை வாயால் சொல்லும் வேலை எனக்கு. பேரவையின் விதிப்படி ஒருவர் ஆறு முறைக்கு மேல் தலைவராக இருக்க முடியாது. ஒரு முறை என்றால் நான்கு ஆண்டு. வரும் ஆகஸ்டில் ஆறு முடிகிறது. வந்திருந்தவர்கள் அந்த விதியையே எடுத்துவிடத் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ என்னலே சொல்லுதே?"

(கைப்பேச்சை நெல்லைத் தமிழில்தான் எழுதுவேன். எனக்குள் அப்படித்தான் கேட்கிறது.)

"விதி இருக்குல்லா. அதும்படி எறங்கிருங்க."

ஸ்ரீவைகுண்டத்து எபனேசர் அண்ணாச்சி, பேரவையின் பொருளாளர், வாழைத்தோட்டக்காரர், நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏலே, பெத்த அப்பனுக்கே வேட்டு வைக்கியா?"

"வேட்டு இல்ல அண்ணாச்சி. ஒரு பேரிங்குக்கு இத்தனை மணி நேரம்னு இருக்கும். நல்லா ஓடுதேன்னு யாரும் விட்டு வைக்க மாட்டோம். மணி முடிஞ்சா மாத்திருவோம்."

அப்பா சிரிக்கவில்லை. "நான் பேரிங் இல்லலே."

ஜூன் 12

பேரிங் என்று சொல்லியிருக்க வேண்டாம். மற்றபடி சொன்னது சரி.

ஜூன் 19, வியாழன்

அப்பாவின் அலமாரியில் என் டிப்ளமோ சான்றிதழைத் தேடினேன். பழைய புகைப்படம் ஒன்று கையில் வந்தது. வடக்கே ஒரு பெரிய ஊரில் ரயில்வே அலுவலக வாசல். அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு அட்டை: "அறிவித்தீர்களா? எங்கே? காட்டுங்கள்."

கதை எனக்கு மனப்பாடம். ரயில் வேறு பிளாட்பாரத்துக்கு மாறியதை ஒலிபெருக்கியில் மட்டும் சொன்னார்கள். காது கேளாத மூன்று பிள்ளைகள் பரீட்சைக்குப் போக வேண்டிய ரயில் எதிர்ப்பக்கத்தில் வந்து எதிர்ப்பக்கத்திலேயே போய்விட்டது. அப்பா பதினோரு நாள் அந்த வாசலில் உட்கார்ந்தார். அவர் வேலை பார்த்த அச்சகத்தில் விடுப்பு இல்லை, சம்பளமும் இல்லை. பன்னிரண்டாம் நாள் எழுத்துப் பலகை வைக்க உத்தரவு வந்தது. அவருக்கு அப்போது மொழிபெயர்க்க ஆளே கிடையாது. வெறும் அட்டை, வெறும் கை.

இந்த மனிதரைத்தான் நான் பேரிங் என்றேன்.

ஆனாலும் இறங்கத்தான் வேண்டும். இரண்டும் உண்மையாக இருக்க முடியாதா என்ன?

ஜூன் 28, சனி

செயற்குழு. பத்தொன்பது பேர், பல மாநிலத்திலிருந்து. நாற்காலிகள் லாடம் மாதிரி வளைத்துப் போட்டிருந்தன. யாருக்கும் யாருடைய கையும் மறையக் கூடாது, அதற்காகத்தான் அப்படி. பேரவையில் வாக்கு என்றால் கையை உயர்த்துவதுதான். ஆரம்ப காலத்தில் காது கேட்கும் செயலர் ஒருவர் வாக்குச் சீட்டை மாற்றி வைத்துவிட்டாராம். அன்றிலிருந்து பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. எல்லாரும் பார்க்க, கை.

விதியை எடுத்துவிடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் அப்பா. லாடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவருடைய கண் பைய நகர்ந்தது. நான் சுவரோரம் நின்று பார்த்தேன். கண் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒவ்வொரு கையும் ஏறியது. முந்தி ஏறிய கை ஒன்றுகூட இல்லை. கடைசியில் பத்தொன்பதும் மேலே.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒருத்தர் பாக்கி இல்லாம" என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார்.

கைகள் ஏறிய விதம் அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆகஸ்ட் 9 பொதுக்குழு, பாளையங்கோட்டையிலேயே. நூற்று நாற்பது பிரதிநிதிகள். அங்கே பாதிக்கு மேல் கை ஏறினால் விதி போய்விடும், அப்பா ஏழாவது முறை நிற்பார்.

ஜூலை 3

சைட்டில் செந்தில்முருகனிடம் சொன்னேன். என்னோடு கோபுரம் ஏறுகிற ஆள், வாய் நீளம்.

"ஏம்வே, ஒங்க அப்பா நாட்டுக்கே தலைவரு. அவரு இருந்தா ஒமக்குப் பெருமதானே? எங்க அப்பா எங்க தெருவுல தண்ணிக் குழாய்க்குக்கூடத் தலைவரு கெடையாது."

"பெருமதாம்லே. அதனாலதான் சொல்லுதேன். நல்லா இருக்கும்போது எறங்கணும்."

"நீரு ஒரு கிறுக்கன்வே. காத்து நல்லா அடிக்கும்போது எவனாவது மிஷின நிறுத்துவானா?"

 இறங்கிய பிறகுதான் பதில் தோன்றியது: அளவு மீறி அடித்தால் நாமே நிறுத்துவோமே. அதற்குத்தானே பிரேக்? சொல்லத் திரும்பினேன். அவன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருந்தான். அதற்கு மேல் அவனிடம் பேச முடியாது.

ஜூலை 8, செவ்வாய்

டார்லின் அக்கா வீடியோவில் வந்தாள். திசையன்விளைக்காரி, முப்பத்து நான்கு வயது, புனேயில் வேலை. காது கேளாதவள், பேரவையில் மகாராஷ்டிரப் பிரதிநிதி. விதி நின்றால் தலைவர் பதவிக்குத் தான் நிற்கப்போவதாகச் சொன்னாள்.

"லே ஜெனோ, பொதுக்குழுவுல எனக்கும் நீதான் வாய். தேர்தல் நடத்துத வக்கீலுக்குக் கைப்பேச்சு தெரியாது. பத்திரிகைக்காரனுக்கும் தெரியாது. வருவியா?"

"நான் அவரு மகன்க்கா."

"தெரியும். ஆனா நீ கூட்டிக் கொறைச்சிச் சொல்ல மாட்டே. அது போதும்."

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். 

"வாசலத் தெறந்ததே அவியதாம்லே. ஆனா தெறந்த வாசல்லயே நாற்காலியப் போட்டு இருந்துக்கிட்டாவ. நாங்க எப்படிப் போவ? வீடியோவுல மொழிபெயர்க்க ஆள் வேணும்னு மூணு வருசமா கேக்கோம். எல்லாத்துக்கும் தானே நேர்ல டெல்லிக்குப் போவணும்னு சொல்லுதாவ. ரெண்டு மாநிலம் பேரவையவிட்டே போயாச்சு."

கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டேனாம். அக்காவுக்கு என்னைத் தெரியவில்லை.

ஜூலை 9

எழுதிவிடுகிறேன். டெல்லி அலுவலகங்களில் அப்பாவின் கை நெருப்பு. "ஒங்களுக்குக் காது இருக்கு, என்ன பிரயோசனம்?" என்று கேட்பார். நான் வாயால், "ஐயா, தயவுசெய்து எங்கள் கோரிக்கையைக் கவனிக்க வேண்டும்" என்பேன். அதிகாரி சிரிப்பார், டீ வரும், கையெழுத்தும் வரும். எல்லாருக்கும் இஸ்ரவேல் சாரைப் பிடிக்கும். பண்பானவர் என்பார்கள். அவரைப் போல் டெல்லியில் வேலை வாங்க யாராலும் முடியாது என்று பேரவையே நம்புகிறது.

பண்பு என்னுடையது. அதாவது, பொய் என்னுடையது.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய் வந்த கையோடு சண்டை. டார்லின் அக்காவுக்கு நான் பேசப்போவதைச் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். "பேசு. ஆனா டெல்லிக்காரன் அவ சொன்னா கேப்பானா? என்னத்தான் கேப்பான்" என்றார்.

எனக்கு எங்கிருந்தோ ஏறிவிட்டது. "ஒங்களயா கேட்டான்? என் கொரல கேட்டான்ப்பா! நீங்க சொன்னதுல பாதிய நான் சொன்னதே இல்ல. மெழுகி மெழுகிச் சொன்னேன். அவிய பாராட்டுன இஸ்ரவேல் சார் பாதி நான்!"

 அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "எத்தன வருசமா?"

நான் பதில் சொல்லுமுன் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு சுவிட்சைத் தட்டினாள். இருட்டு. எங்கள் வீட்டில் சண்டை அப்படித்தான் முடியும். வெளிச்சம் இல்லாவிட்டால் யாரும் யாரையும் திட்ட முடியாது. மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம், பட்டப்பகலில்.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமலும் இருந்திருக்கக் கூடாது. எதுலே சரி?

ஜூலை 14

அப்பா பேசவில்லை. வக்கீல் குமரகுருபரன் அண்ணாச்சியிடம் போனேன். தேர்தல் அலுவலர் அவர்தான். பெட்டி வைத்து ரகசியமாக வாக்கு எடுக்கலாமே என்றேன்.

"தம்பி, வெரசலா வந்து நின்னா ஆச்சா? விதிய மாத்த முப்பது நாள் முந்தியே நோட்டீஸ் குடுக்கணும். இன்னைக்கு என்ன தேதி?"

பொதுக்குழுவுக்கு இருபத்தாறு நாள்தான் இருக்கிறது. நான்கு நாள் பிந்திவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

அவமானம்.

கை உயர்த்துவதுதான் விதி, சரி. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தினால் என்ன? வக்கீலும் நானும் எண்ணிவிடுவோம். விதியும் மீறவில்லை, ரகசியமும் ஆச்சு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு பேரவையின் போன் குழுவில் வீடியோ போட்டுவிட்டேன்.

அரை மணி நேரத்தில் நாற்பது பதில். அமிர்தசரஸிலிருந்து ஒருவர் தன் இரண்டு கண்ணையும் உள்ளங்கையால் பொத்திக் காட்டி, பிறகு கழுத்தை நெரிப்பதுபோல் காட்டினார். கண்ணை மூடினால் அவர்களுக்குக் கூட்டமே கிடையாது. பேச்சு இல்லை, பக்கத்து ஆள் இல்லை, என்ன நடக்கிறது என்பது இல்லை. அந்த நேரத்தில் காது கேட்கும் இரண்டு பேர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு எண்ணுவார்களாம். பழைய செயலர் கதைதான் மறுபடியும்.

அம்மா என் தோளைத் தட்டித் திருப்பினாள். "இருவத்தேழு வருசம் இந்த வீட்டுல சோறு தின்னுருக்கே. கண்ண மூடிக்கிட்டு நாங்க எங்கலே போவ?"

அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 

ஜூலை 21

வீடியோவை எடுத்துவிட்டேன். மன்னிப்பும் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 2, சனி

இருபது நாளுக்குப் பிறகு அப்பா பேசினார். சாப்பிடும்போது, பாதியில் கையைக் கழுவிவிட்டு வந்து. எச்சில் கையோடு அவர் முக்கியமானது எதையும் பேச மாட்டார்.

"பொதுக்குழுவுல நான் சொல்லுதத அப்படியே சொல்லணும். மெழுகக் கூடாது. முடியுமா?"

"முடியும்."

"முடியலன்னா வேற ஆள் வச்சுக்கிடுதேன்."

"முடியும்ப்பா."

அவ்வளவுதான். திரும்பப் போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காற்றுக் காலத்தில் விடுப்பா என்று மேலாளர் குதித்தார். எடுத்துவிட்டேன்.

காலையிலேயே பிரதிநிதிகள் வந்துவிட்டார்கள். கொக்கிரகுளம் பக்கம் ஆற்றில் குளிக்கக் கூட்டிப் போனேன். தண்ணீர் நன்றாகப் போகிறது. இந்தக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் அப்பா. அந்தக் கரையில் அமிர்தசரஸ்காரர், தலைப்பாகையை அவிழ்த்துக் கூந்தலை உலர்த்திக்கொண்டு. நடுவே ஆறு. இரண்டு பேரும் சாவகாசமாகக் கதை பேசினார்கள். பேத்திக்குக் கல்யாணம், முழங்கால் வலி, கோதுமை விலை. படித்துறையில் துணி துவைத்த அக்கா ஒருத்தி என்னிடம் கேட்டாள், "இந்தா பெரிய ஆத்துக்கு அங்கன நிக்கவன்கிட்ட கத்தாமக் கொள்ளாமப் பேசுதாவளே, யாருப்பா இவிய?"

"எங்க அப்பா" என்றேன். நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது?

அந்த நூற்று நாற்பது பேரில் அப்பாவுக்குப் பெயர் தெரியாத ஆள் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

மண்டபம் நிறைந்துவிட்டது. நான் கறுப்புச் சட்டை. கை தெளிவாகத் தெரியவேண்டும் என்று மொழிபெயர்ப்பவன் கறுப்புதான் போட வேண்டும்.

டார்லின் அக்கா முதலில் பேசினாள். பத்து நிமிடம். அவள் கை சொன்னதை மைக்கில் சொன்னேன், நாற்காலி போட்டு வாசலை அடைத்தது உட்பட. என் அப்பா மேடையில் இருக்கும்போது என் குரலில். ஒரு சொல்லும் மாற்றவில்லை. 

பிறகு அப்பா. எல்லாரும் பதினோரு நாள் கதையை எதிர்பார்த்தார்கள். அவர் அதைத் தொடவே இல்லை. மூன்று நிமிடம்தான்.

"எனக்கு இன்னும் ஆச இருக்கு. இல்லன்னு சொன்னா அது பொய். ஏழாவது தடவையும் என்னால முடியும்னுதான் நெனைக்கேன். ஆனா ஒண்ணு. இருவத்து நாலு வருசமா ஒங்க கை ஏறத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நான் பாத்ததால ஏறுன கை எது, தானா ஏறுன கை எதுன்னு எனக்குத் தெரியல. எம் மகன் ஒங்க கண்ண மூடச் சொன்னான். அவன் புத்தி அவ்வளவுதான். மூட வேண்டியது ஒங்க கண்ணு இல்ல."

மைக்கில் "அவன் புத்தி அவ்வளவுதான்" என்பதையும் சொன்னேன். வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்பா தன் நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

மண்டபம் அதிர்ந்துவிட்டது. நிஜமாகவே அதிர்ந்தது. அவரைத் திரும்ப வைக்கக் காலால் தரையை உதைத்தார்கள், விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டுவது எங்கள் ஆட்களிடம் எதிரே இருப்பவர் வாயைப் பொத்துவதற்குச் சமம். அதுவும் தலைவர். அவர் முதுகை யாரும் பார்த்ததே இல்லை. எபனேசர் அண்ணாச்சி மேடைக்கு ஓடிப்போய் அவர் தோளைத் தட்டினார், ஒருமுறை, இருமுறை. அப்பா திரும்பவில்லை.

"என்ன தம்பி நடக்குது?" என்றார் வக்கீல்.

"வாக்கெடுப்பு அண்ணாச்சி. நடத்துங்க."

விதியை எடுத்துவிடலாம் என்போர்? கைகள் ஏறின. வக்கீலும் நானும் எண்ணினோம், இரண்டு தடவை. நாற்பத்தொன்பது. விதி இருக்கட்டும் என்போர்? தொண்ணூற்று ஒன்று. செயற்குழுவில் ஏறிய பத்தொன்பது கையில் பதினொன்று இப்போது இந்தப் பக்கம் இருந்தது. அம்மாவும் பிரதிநிதிதான். அம்மாவின் கையும் இந்தப் பக்கம். எல்லாரையும்விட உயரமாக, முழங்கை மடங்காமல்.

முடிவை அவரிடம் சொல்ல வேண்டியது வக்கீல். ஆனால் அவருக்குக் கைப்பேச்சு தெரியாது. என்னைப் பார்த்தார். அந்த எட்டு அடி தூரம் எண்பது மீட்டர் ஏணியைவிட மோசம். தோளைத் தொட்டேன். உடனே திரும்பவில்லை. பிறகு முகத்தை மட்டும் திருப்பினார்.

"சொல்லு. மெழுகாத."

"எடுக்கணும்னு நாப்பத்தொம்பது. இருக்கட்டும்னு தொண்ணூத்தொண்ணு."

"எண்ணுனது யாரு?"

"நானும் வக்கீலும். ரெண்டு மட்டம்."

"அப்பம் சரி."

எழுந்தார். மண்டபத்தைப் பார்த்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரலை விரித்து ஆட்டினார். அதுதான் எங்கள் கைதட்டல். தோற்ற மனிதர் வென்றவர்களுக்குத் தட்டுகிறார்.  பிறகு நூற்று நாற்பது பேர், இருநூற்று எண்பது கை, கூரைக்குக் கீழே காற்றடித்தமாதிரி. நானும் தூக்கிவிட்டேன். மொழிபெயர்ப்பவன் தூக்கக் கூடாது. தூக்கிட்டேன், என்ன இப்பம்?

மதியம் தலைவர் தேர்தல். டார்லின் அக்கா, எதிரே நாக்பூர்க்காரர் ஒருவர். யாரும் சொல்லாமலே இரண்டு பேரும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அக்கா எண்பத்து மூன்று, அவர் ஐம்பத்தேழு.

ஆகஸ்ட் 10

கோவிலில் பாதிரியார் அப்பாவின் கையைப் பிடித்து நெடுநேரம் நின்றார். அம்மாவின் கை எந்தப் பக்கம் ஏறியது என்று அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா மத்தியானம் அவருக்கு மட்டும் மீன் தலையை எடுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 27

அப்பாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை கடைக்குப் போகிறார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தொண்ணூற்று ஒன்று சரி.

செப்டம்பர் 16, 2025, செவ்வாய், டெல்லி

தலைவராக டார்லின் அக்காவின் முதல் சந்திப்பு. நான் வாய். பழைய அதிகாரிதான், "இஸ்ரவேல் சார் வரவில்லையா?" என்றார். அக்கா பதில் சொன்னாள். காரமாகத்தான் சொன்னாள். காரமாகவே சொன்னேன். டீ வரவில்லை. ஆனால் அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் நடந்தது.

வெளியே வந்ததும் அப்பா வீடியோவில். அரை மணியாகக் காத்திருந்திருப்பார்போல. பின்னால் அம்மா.

"என்ன கேட்டான்? அவ என்ன சொன்னா?"

மொழிபெயர்க்கப் போனவன் உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. பேரவை விதி, முதல் ஆண்டில் அப்பாவே எழுதியது.

"சொல்லக் கூடாதுப்பா."

 கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "பாத்தியா, சொல்ல மாட்டாங்கான்" என்றார், ஏதோ மெடல் வாங்கிவந்த பையனைக் காட்டுகிறமாதிரி. மறுபடி என்னிடம் வந்தார்.

"சரிலே. சாப்ட்டியா? அதச் சொல்லலாமுல்லா?"